வெளியே போனால் தண்ணீர் குடிக்காதவள்

முதலில் தெரிந்தது செருப்பில்தான். மாசி மகத்துக்கு மறுநாள் காலை, பால் வாங்கக் கிளம்பும்போது செருப்பில் கால் நுழையவில்லை. முந்தின நாள் முழுக்க வெயிலில் நின்றதால் வீங்கியிருக்கும் என்று நினைத்து, கணவரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்தேன்.

கூடவே இன்னொன்றும் இருந்தது. முந்தின நாள் காலை வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் சிறுநீர் கழித்தது ஒரே ஒரு முறை. அதுவும் கொஞ்சம்தான், கடும் டீயின் நிறத்தில் இருந்தது. அதைக் கவனித்தேன். ஆனால் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கத் தொந்தரவு இல்லாமல் இருந்தது என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

இதில் என்ன நிம்மதி என்று ஆண் வாசகர்கள் கேட்கலாம். பெண்கள் கேட்க மாட்டார்கள்.

என் அம்மா ஆலையில் வேலை பார்த்தவர். கழிப்பறைக்குப் போவதென்றால் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, ஆண்கள் நிற்கும் வழியாக நடந்து போக வேண்டும். அதனால் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். அவருடன் வேலை பார்த்த பெண்கள் எல்லாருமே அப்படித்தான். அதே பழக்கத்தை எனக்கும் கொடுத்தார். பள்ளிச் சுற்றுலா, கல்யாணம், பஸ் பயணம், துக்க வீடு, எங்கே போனாலும் வாசலில் நின்று சொல்வார்: “வெளிய போற, தண்ணி குடிக்காத.” நான் எழுத்தராக இருந்த பள்ளி அலுவலகத்திலும் பெண்கள் மேஜையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், மாலையில் அது அப்படியே வீட்டுக்குத் திரும்பும். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மாசி மகத்தன்று சுற்றுப்பட்டு ஊர்களின் சாமிகள் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும். எந்த ஊர்ச் சாமி முதலில் வந்தது, எது யாருக்குப் பின்னால் நின்றது, எது தாமதமாக வந்தது என்று வருடா வருடம் வரிசையாகக் குறித்துவைப்பது என் வழக்கம். யாரும் கேட்டுச் செய்வதில்லை. புத்தகங்கள் படிக்கிற, தேதிகளில் பைத்தியம் உள்ள ஒருத்தியின் பொழுதுபோக்கு. காலையில் போய் ஓர் இடத்தைப் பிடித்தால், கடைசிச் சாமி வரும்வரை நகரக் கூடாது. நகர்ந்தால் வரிசையில் ஒன்று விட்டுப்போகும்.

அந்த வருடம் மகத்துக்கு முந்தின நாள் எனக்கு வயிற்றுப்போக்கு. மகத்தன்று காலையில் நின்றிருந்தது. நின்றதே போதும் என்று கிளம்பினேன். வழியில் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் வழக்கத்தை விடவும் கண்டிப்பாக இருந்தேன். பல் துலக்கியபோது கொப்பளித்ததைத் தவிர ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. முட்டி வலிக்காகப் பொங்கலிலிருந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைப்பது. நிற்க வேண்டுமே என்று அன்று கூடுதலாக ஒன்று போட்டேன். கடற்கரையில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பெண் கையில் திணித்த தம்ளரை வாங்கி, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கொடுத்துவிட்டேன்.

காரணங்கள் இவ்வளவுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை.

மறுநாள் மாலைக்குள் வாந்தி வந்தது. எதைப் பார்த்தாலும் குமட்டியது. அதற்கும் மறுநாள் என் கணவர் முருகையன் எங்கள் தெருமுனை டாக்டரிடம் அழைத்துப் போனார். அறைக்குள் அடுத்த நோயாளியும் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. யூரின் சரியாகப் போகிறதா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், “அதெல்லாம் போறாங்க டாக்டர்” என்றார்.

கல்யாணமான நாள் முதல் அவரிடம் நான் பேசாத ஒரு விஷயத்தைப் பற்றி அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புகூட வந்தது. டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அம்மா, நீங்க சொல்லுங்க.” அடுத்த நோயாளி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நேற்று முழுக்கப் போகவில்லை என்றேன். முருகையன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ஒரு வீட்டில் இத்தனை காலம் குடியிருந்துவிட்டு, தெரியாத ஓர் அறையைக் கண்டவர் போல இருந்தார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஆட்டோ பிடித்து ஊருக்கு வெளியே உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கிரியாட்டினின் (தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு, சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும்) இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தது. நோயின் பெயரைத் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு என்றார்கள். அதில் என் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். இந்தக் கட்டுரையை ஒரு வார்டில் உட்கார்ந்து வாசிப்பவர் இருந்தால் அவருக்கு முதலில் சொல்ல விரும்புவது: முதல் சொல்லையும் கேளுங்கள். திடீரென்று நின்றது திரும்ப ஓடவும் கூடும். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆகக் கூடும் என்று மட்டும் சொல்கிறேன்.

வார்டில் நரம்பு கிடைக்கவில்லை. காலில் வீக்கம் இருந்தாலும், ரத்தக் குழாய்க்குள் நீர் வற்றினால் நரம்புகள் உள்ளே ஒடுங்கிவிடுமாம். சகாயமேரி என்ற செவிலியர் என் புறங்கையைத் தட்டித் தட்டி, கடைசியில் கட்டைவிரலுக்குக் கீழே ஒன்றைப் பிடித்தார். பிறகு கதீட்டர் (சிறுநீர்ப் பையிலிருந்து நேராக வெளியே வடிய வைக்கும் மெல்லிய குழாய்) போட்டார்கள். கட்டிலின் ஓரத்தில், போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, அளவுக் கோடுகள் போட்ட ஒரு பை தொங்கியது. நான் கால்மாட்டுப் போர்வையை இழுத்து அதை மூடினேன். சகாயமேரி வந்து விலக்கினார். மறுபடி மூடினேன்.

“அம்மா, உங்க முகத்தை வேணா மூடிக்குங்க. இதை மூடாதீங்க” என்றார். “நாங்க பாக்கறதே இதத்தான்.”

சிறுநீரக மருத்துவர் சின்ன வயதுக்காரர். மெதுவாகப் பேசுவார். என்னென்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று துருவித் துருவிக் கேட்டார். முட்டி வலி மாத்திரையின் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார். உடம்பில் தண்ணீர் குறையும்போது, இருக்கிற ரத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளச் சிறுநீரகத்துக்கு ஒரு வழி உண்டாம். இந்த வகை மாத்திரை அந்த வழியை அடைத்துவிடும். வயிற்றுப்போக்கு, வெயில், குடிக்காத தண்ணீர், மாத்திரை என்று எல்லாம் ஒரே நாளில் சேர்ந்துகொண்டதுதான் காரணம் என்றார்.

முருகையன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். அவர் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரியே விளக்கினார். “குழாய்ல தண்ணி வரல. ஒண்ணு, தொட்டில தண்ணி இல்லாம இருக்கணும். இல்ல, மோட்டார்ல பிரச்சன இருக்கணும். மொதல்ல தொட்டிய நெரப்பிப் பாப்போம்.”

“மோட்டார் காயில் எரிஞ்சிருக்குமா டாக்டர்?”

“எரியல. சூடாயிருக்கு. ஆற விடணும்.”

முருகையன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சூடான மோட்டாரை அவசரப்பட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

தொட்டியை நிரப்பியது உப்பு நீர். பாட்டில் பாட்டிலாக ஏறியது. நாம் ‘குளுக்கோஸ் ஏத்தறாங்க’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா பாட்டிலும் குளுக்கோஸ் இல்லை. என்னுடையது ரத்தத்தின் உப்புக்கு ஏறக்குறைய நிகரான உப்புக் கலந்த நீர். அது ஏறும்போது கை குளிரும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு குளிர்ந்த நூல் ஓடுவதை உணர முடிந்தது. வாயால் நான் மறுத்ததை எல்லாம் கை வழியாகக் குடித்துக்கொண்டிருந்தேன். நாக்கு அதை நம்பவில்லை. அது வறண்டே கிடந்தது.

ரத்த அழுத்தம் சரியானது. கண் தெளிந்தது. பை மட்டும் காலியாக இருந்தது.

மறுநாளும் ஏறியது. அதன் பிறகு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு டிரிப்பை நிறுத்தச் சொன்னார். தொட்டி நிரம்பிவிட்டது, இனி ஏற்றினால் நுரையீரலில் தேங்கும் என்றார். அதற்குப் பதில் சிறுநீரைத் தூண்டும் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். பிறகு அதையே ஒரு சிறிய இயந்திரத்தில் பொருத்தி, சொட்டுச் சொட்டாக நாள் முழுக்கச் செலுத்தினார்கள். பையின் அடியில் ஒரு பழுப்புக் கோடு சேர்ந்தது. அது போதாது.

இன்னொரு கட்டளையும் வந்தது. வாய் வழியாகத் தண்ணீர் அளவோடுதான். சகாயமேரி ஒரு சின்ன தம்ளரைக் காட்டி, காலையிலிருந்து இரவு வரை இவ்வளவுதான், மாத்திரைக்கும் சேர்த்து என்றார்.

தாகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வாழ்நாள் முழுக்கத் தாகத்தோடு பஸ்ஸில் போனவள். ஆனால் அந்தத் தாகத்துக்கு ஒரு முடிவு இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் முடிந்துவிடும். இதற்கு முடிவு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. யாராவது பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் வார்டின் மறுமுனையில் கேட்டால்கூடக் கழுத்து தானாகத் திரும்பியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த முருகையன் என் எதிரில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். வராந்தாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அவர் மீசை நனைந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் ஜெயந்தி தவளக்குப்பத்திலிருந்து வந்தாள். பேச்சு எப்போதும் உரக்கத்தான். கொல்லையில் நான்கைந்து தென்னை நிற்கும் வீடு அவளுடையது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் அவள் கையில் இளநீர் இல்லாமல் போனதே இல்லை. அவள் மட்டுமா? நம்மில் யார்தான் வெறும் கையோடு போகிறோம்? காய்ச்சல், அம்மை, பிரசவம், ஆபரேஷன், எதுவானாலும் இளநீர். உடம்பைக் குளிர்விக்கும், நீர் பிரிய வைக்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்த வைத்தியம்.

மருத்துவமனைக்குள் காயாகக் கொண்டுவர விடமாட்டார்கள் என்று யோசித்து, வீட்டிலேயே வெட்டிப் பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள். முருகையன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

தண்ணீர் அளவாகத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

“இளநி தண்ணியா அண்ணி? மருந்து அது. நீர் போகலன்னுதான படுத்துங்கெடக்கற? இத குடிச்சா தானா போவுது பாரு.”

அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. நிறையப் படித்தவள் என்று வீட்டில் பெயர் எடுத்தவள் நான்; என் படிப்பில் எங்குமே இதற்கு மாறாக ஒன்றும் வந்ததில்லை. முதல் மடக்கு நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்தது. அது ருசி என்று சொல்லக்கூட முடியாது. உடம்பு முழுதும் ஒரே நேரத்தில் ஆமாம் என்று சொன்ன மாதிரி இருந்தது. அன்றும், அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் பிளாஸ்க் வந்தது. மருந்துதானே என்று முருகையனிடமோ செவிலியரிடமோ சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. கடைசி நாள் மாலையில் என் கால்கள் கனத்தன. தூக்கினால் வரவில்லை. நெஞ்சில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் நான் அடுத்ததுக்காகக் காத்திருந்தேன். பயம் வரவில்லை. பயப்படக்கூடத் தெம்பில்லை.

ஈசிஜி (இதயத்தின் துடிப்பைக் காகிதத்தில் வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். தாளைப் பார்த்த டாக்டரின் நடை மாறியது. அதுவரை அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. பொட்டாசியம் என்பது பழங்களிலும் காய்களிலும் உள்ள ஓர் உப்பு. எல்லாருக்கும் வேண்டியது. மிஞ்சினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாதபோது அது இதயத்தை நிறுத்திவிடும்.

அந்தச் சிகிச்சையை நினைவிருக்கும் அளவில் எழுதுகிறேன். இது நடக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒன்றுமே புரியாது என்பதால். முதலில் கால்சியம் ஊசி. டாக்டர் தானே உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செலுத்தினார். நெஞ்சிலிருந்து காது வரை ஒரு சூடு பரவியது. அது பொட்டாசியத்தைக் குறைக்காதாம். இதயத்துக்கு முன்னால் கையை நீட்டி நிற்குமாம், அவ்வளவுதான். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். எனக்குச் சர்க்கரை நோய் இல்லையே என்று கேட்டேன். “இது சர்க்கரைக்கு இல்லம்மா. பொட்டாசியத்த ரத்தத்துலேர்ந்து செல்லுக்குள்ள தள்ளி விட. கொஞ்ச நேரத்துக்கு ஒளிச்சு வெக்கற மாதிரி” என்றார். மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கும் புகை மருந்தையும் முகமூடி வழியாகக் கொடுத்தார்கள். அதுவும் அதே வேலைக்குத்தான்.

திரையில் கோடு பழைய வடிவத்துக்குத் திரும்பிய பிறகு டாக்டர் முருகையனிடமும் ஜெயந்தியிடமும் விசாரித்தார். பழம் கொடுத்தீர்களா? இல்லை. ஜூஸ்? இல்லை. வீட்டுச் சாப்பாடு?

“ஜூஸெல்லாம் ஒண்ணும் குடுக்கல சார்” என்றாள் ஜெயந்தி. “நம்ம வூட்டு இளநிதான்.”

சகாயமேரி குனிந்து, கட்டிலுக்கடியில் இருந்த பிளாஸ்கை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார்.

டாக்டர் திட்டவில்லை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, வேறு யாருக்கு நல்லதானாலும் இப்போது இவருக்கு அது விஷம் என்று சொன்னார். அதைத் தாங்கள் முன்பே பெயர் சொல்லி எச்சரித்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்புறம் முருகையனைத் தனியே அழைத்தார். மருந்துகள் ஒளித்துவைத்த பொட்டாசியம் சில மணி நேரத்தில் திரும்ப வரும். அதற்குள் சிறுநீர் பிரியத் தொடங்கவில்லை என்றால் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்பச் செலுத்துவது) தொடங்க வேண்டும். கழுத்தில் குழாய் போட வேண்டும். முருகையன் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். “போட்டாச்சு” என்றார். என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஜெயந்தி உள்ளே வரவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அண்ணன் போய்ப் பேசியபோது, “என் கையால குடுத்தேனே” என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லையாம். அவ்வளவு உரக்கப் பேசுகிறவள் அதை முணுமுணுப்பாகச் சொன்னாள் என்று அவர் பிறகு சொன்னார். கதவு வழியாக அவளுடைய புடவைத் தலைப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது.

அந்த நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடைப்பட்டதை என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. முருகையன் ஒன்று சொல்கிறார், ஜெயந்தி வேறு சொல்கிறாள். பங்குனி பிறந்தது அப்போதுதான் என்பது மட்டும் உறுதி. அடுத்த கட்டில்காரர்கள் மாதப் பிறப்புக்குக் கோயிலுக்குப் போய் வந்து எனக்கும் விபூதி வைத்தார்கள். நகரத்தின் தேதிகளை ஒழுங்காக வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டவளுக்குத் தன் தேதிகள் கலைந்துவிட்டன. கலைந்ததைச் சரிசெய்ய முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

காலை ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மதியம் வரை பார்ப்போம் என்றார் டாக்டர். தூண்டும் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பையைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். எவரும் பார்த்துவிடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க நான் மறைத்துவைத்த ஒன்று, வா என்று இப்போது கூப்பிட்டால் வரவில்லை.

சூரியன் ஜன்னல் கம்பியைத் தாண்டிய சமயம், சகாயமேரி வழக்கம்போல வந்து குனிந்தார். நிமிரவில்லை. பையைக் கையால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்புக்கு மேலே வெளிர் மஞ்சளாக ஒரு அடுக்கு நின்றது.

“இது புதுசு” என்றார்.

முருகையன் எழுந்து நின்றார். வராந்தாவிலிருந்து ஜெயந்தி உள்ளே வந்து, யாரையும் கேட்காமல், கட்டிலுக்கருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள். குழாயிலிருந்து பைக்குள் விழும் ஒவ்வொரு சொட்டையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள்.

அதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை. பையின் கோடுகளை வாசிக்கச் சகாயமேரியிடம் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு கோடு ஏறும்போதும் போன் போட்டாள். “அண்ணிக்கு வந்துடுச்சி. ஆமா, நல்லா வருது. மஞ்சளாத்தான் வருது.” ஊரில் அவள் யாரிடம் எல்லாம் சொன்னாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தவளக்குப்பம் சந்திப்பில் பூ விற்கிற அம்மா, நான் வீடு திரும்பிய பிறகு முதல் முறை பார்த்தபோது, “இப்ப நல்லா போவுதாம்மா?” என்று கேட்டார். எது என்று நான் கேட்கவில்லை. நல்லா போகிறது என்றேன்.

டயாலிசிஸ் தேவைப்படவில்லை. இதைச் சொல்லும்போது தயக்கமாக இருக்கிறது. அடுத்த கட்டில் பெண்மணிக்குத் தேவைப்பட்டது. அவரும் நடந்துதான் வீட்டுக்குப் போனார். தேவைப்படாததில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. தேவைப்படுவதும் தோல்வி இல்லை.

நின்றிருந்த சிறுநீர் திரும்பி வரத் தொடங்கினால் உடனே சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அப்படி இல்லை. சில நாளில் அது கட்டுக்கடங்காமல் போகத் தொடங்கியது. விழித்தெழுந்த சிறுநீரகத்துக்குத் தண்ணீரை வெளியே விடத் தெரிந்தது. எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியவில்லை. போகிற அளவைப் பார்த்து மறுபடி டிரிப் ஏற்றினார்கள். ஒரு வாரம் முன்பு எது மிகுதியோ அந்தப் பொட்டாசியத்தையே இப்போது கொஞ்சம் பாட்டிலில் கலந்தார்கள். ஜெயந்தி அந்தப் பெயரைக் கேட்டதும் சகாயமேரியின் கையைப் பிடித்துவிட்டாள். டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் விட்டாள்.

“அப்ப இளநி குடுக்கலாமா சார்?” என்று கேட்டாள். பகடி இல்லை, நிஜமாகவே கேட்டாள். வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும்.

“நான் சொல்றப்ப குடுங்க” என்றார்.

பங்குனி உத்திரத்துக்குச் சற்று முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்திரை, வைகாசி, ஆனி என்று தொடர்ந்து ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின் முதலில் வேகமாக இறங்கி, பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி, ஆடியில் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. பழைய இடத்துக்கு வரவில்லை, கொஞ்சம் மேலே. அதோடு வாழலாம் என்றார் டாக்டர். முட்டி வலி மாத்திரையை இனி ஆயுளுக்கும் தொடக் கூடாது. முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும். எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும், எனக்கு ஒரு முறை கிட்னி நின்று வந்திருக்கிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் படுத்திருந்தால், அவருக்குக் கொடுக்கும் எதையும், தண்ணீரோ பழமோ கஞ்சியோ, பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இது சாப்பாடு இல்லை, இது மருந்து இல்லை, இது நம்ம வீட்டுது என்று நீங்களாகப் பிரித்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் அப்படிப் பிரிப்பதில்லை. அதே சமயம், நான் குடித்தது உங்களுக்குக் கூடாது என்றும் இல்லை; ஒருவருக்கு ஏற்ற வேண்டிய நாளில் இன்னொருவருக்கு நிறுத்த வேண்டும். எனக்கே இரண்டு வாரத்துக்குள் மூன்று விதமாக மாறியது.

என் உடம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அது என்னைச் சுமந்துகொண்டு போகிற ஒன்று. அதன் தேவைகள் இடைஞ்சல். இப்போது காலையில் எழுந்ததும், தேதியைப் பார்ப்பதற்கு முன், கழிப்பறையில் நின்று நிறத்தைப் பார்க்கிறேன். வெளிர் மஞ்சள் என்றால் நாள் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் கிழமை, திதி எல்லாம்.

இந்த வருட மாசி மகத்துக்கும் வைத்திக்குப்பம் போனேன். ஜெயந்தி கூட வந்தாள்; தனியே விட மாட்டேன் என்றாள். கையில் இரண்டு பாட்டில் தண்ணீர். வழக்கமான இடத்தில் நின்று, சாமிகள் வர வர வரிசையைக் குறித்தேன். ஜெயந்தி நடு நடுவே பாட்டிலைத் திறந்து நீட்டினாள். குடித்தேன். மோர்ப் பந்தலில் கொடுத்ததையும் குடித்தேன்.

உச்சி வெயிலில் உணர்வு வந்தது. அடக்கத் தெரியும், அதில் எனக்கு ஆயுள் அனுபவம். தூரத்தில் மேளம் கேட்டது, அடுத்த சாமி வந்துகொண்டிருந்தது. அது வந்து கரையில் நிற்கும்வரை நிற்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

படகுகளுக்குப் பின்னால் உள்ள முதல் தெருவுக்குள் நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பாத்ரூமுக்குப் போகணும்” என்றேன். ஐம்பத்தைந்து வயதில், முன்பின் தெரியாத ஒருவரிடம், முதல் முறையாக.

“அதுக்கா இப்டி நிக்கற? சாமி பாக்க வந்தவ மாரி கைய கட்டிக்கினு,” என்றாள். “உள்ள போ. கொல்லப்பக்கம். தாப்பா சரியா விழாது, காலால முட்டுக் குடுத்துக்க.”

திரும்பி வந்தபோது அந்தச் சாமி கடலில் நீராடி முடித்துப் போய்விட்டிருந்தது. பின்னால் வந்த இரண்டு நின்றன. போனது எந்த ஊர்ச் சாமி என்று ஜெயந்தியிடம் கேட்டேன். அவள் பார்க்கவில்லை, என்னைத் தேடித் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்த வருட வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.